உருளைக்கிழங்குத் துண்டு ஏன் ஓரளவுக்கு மேல் ஊறுவதில்லை

மொரீஷியஸில் கேம்பிரிட்ஜ் தேர்வுக்காக உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குச் சோதனை நன்கு பழக்கமானது. கிழங்கை ஒரே அளவான துண்டுகளாக வெட்டி எடை பார்ப்பார்கள். ஒன்றை வெறும் நீரிலும் மற்றவற்றைப் பல்வேறு அடர்த்தியுள்ள சர்க்கரைக் கரைசல்களிலும் போட்டுவைத்து, பிறகு எடுத்துத் துடைத்து மறுபடியும் எடை பார்ப்பார்கள். வெறும் நீரில் கிடந்த துண்டு கனத்து விறைத்திருக்கும். அடர்ந்த கரைசலில் கிடந்தது இளைத்துத் துவண்டிருக்கும். இடையில் ஒரு கரைசலில், பெரும்பாலும் லிட்டருக்கு 0.3 மோல் சுக்ரோஸ் என்ற அளவுக்கு அருகில், எடை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்கிறது, இதுவே சவ்வூடு பரவல் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள்.

ரோஸ் ஹில்லில் என் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி அந்த வாக்கியத்தோடு நின்றுவிடவில்லை. "மிஸ், வெளியே இருப்பது வெறும் தண்ணீர். செல்லுக்குள் எப்போதும் ஏதாவது கரைந்திருக்கும். அப்படியென்றால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டுமே, துண்டு ஏன் ஓரளவுக்கு மேல் ஊறுவதில்லை?" என்று கிரியோலில் கேட்டாள். எவ்வளவு நீர் உள்ளே வந்தாலும் செல்லின் சாறு நீர்த்துப்போகுமே தவிர, ஒருநாளும் வெறும் நீராகிவிடாது. ஆகவே அவளுடைய கேள்வி மிகச் சரியானது; பாடநூலின் அந்த ஒற்றை வாக்கியத்தில் அதற்கு விடை இல்லை. அவளுக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் தாவரத்தின் நீர்க்கணக்கு முழுவதும் அந்த விடைக்குள் அடங்கியிருக்கிறது.

தாவரச் செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டுமன்றி அதற்கு வெளியே செல்லுலோஸ் இழைகளால் ஆன செல்சுவரும் உண்டு. சவ்வு நீரை விடும், சர்க்கரையையும் உப்பையும் எளிதில் விடாது. சுவரோ இவை அனைத்தையும் தாராளமாக விடும், ஆனால் அதிகம் விரிந்துகொடுக்காது. சைக்கிள் டயருக்குள் டியூப் இருப்பதைப் போலத்தான் இந்த ஏற்பாடு: காற்றைப் பிடித்துவைப்பது டியூப், அது வெடிக்காமல் தாங்கி நிற்பது டயர். நீர் உள்ளே வரவர சவ்வு சுவரை அழுத்துகிறது, சுவர் திருப்பி அழுத்துகிறது, செல்லின் உள்ளே விறைப்பழுத்தம் ஏறுகிறது. கரைபொருளின் இழுப்பும் இந்த அழுத்தத்தின் தள்ளுதலும் சமமாகும் நொடியில் நீரின் நிகர ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே போகும் மூலக்கூறுகளும் வெளியே வரும் மூலக்கூறுகளும் அப்போதும் ஓய்வதில்லை. இரண்டும் ஒரே எண்ணிக்கையில் நிகழ்வதால் எடை மாறுவதில்லை, அவ்வளவுதான். சுவரில்லாத நம் சிவப்பணுக்களை வெறும் நீரில் போட்டால் அவை வீங்கி வெடித்துவிடுகின்றன. உருளைக்கிழங்குச் செல் வெடிக்காததற்குக் காரணம் சுவரே.

இந்த இரண்டு விசைகளையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்ப்பதற்கு நீரியல் திறன் என்ற அளவு பயன்படுகிறது. வெளியழுத்தம் ஏதுமற்ற தூய நீரின் நீரியல் திறன் சுழியம். அதில் ஏதாவது கரைந்தால் அது சுழியத்துக்குக் கீழே இறங்கும். அழுத்தம் கொடுத்தால் மேலே ஏறும். நீர் எப்போதும் திறன் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கே போகும். உருளைக்கிழங்குச் செல்லில் கரைந்துள்ள பொருள்கள் திறனை −0.8 மெகாபாஸ்கல் அளவுக்கு இறக்குகின்றன என்று வைத்துக்கொண்டால், வெறும் நீரில் போட்ட துண்டின் செல்லுக்குள் ஏறக்குறைய +0.8 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறியதும் இரண்டும் கழிந்து சுழியம் வந்துவிடும். காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தம் 0.2 மெகாபாஸ்கலை ஒட்டியதுதான். அதைப்போல மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தை ஒரு கிழங்குத் துண்டின் ஒவ்வொரு செல்லும் ஓசையின்றித் தாங்கி நிற்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே வியப்பாக இருக்கிறது.

இந்தக் கணக்கு உருவான வரலாறும் தாவரவியலுக்குப் பெருமை சேர்ப்பது. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பிஃபெஃபர் நுண்துளையுள்ள மண்கலத்தின் சுவரில் காப்பர் ஃபெரோசயனைடைப் படியவைத்து, நீரை மட்டும் விடும் ஒரு செயற்கைச் சவ்வை அமைத்தார். அதற்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி நீரில் வைத்தபோது ஏறிய அழுத்தத்தை அளந்து, 1877-இல் முடிவுகளை வெளியிட்டார். வெறும் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசல் ஏறத்தாழ 0.07 மெகாபாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்கியது. இது 7 மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கப் போதுமானது. இந்த அளவீடுகளை டச்சுத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் வழியாக அறிந்த வேதியியலாளர் வாண்ட் ஹாஃப், வாயுக்களுக்கு உரிய விதியே நீர்த்த கரைசல்களுக்கும் பொருந்துகிறது என்று கண்டார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குக் கிடைத்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அந்த விதியில் நாம் மறக்கக்கூடாத ஒரு கூறு உண்டு: அழுத்தத்தைத் தீர்மானிப்பது கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையே, அவற்றின் எடையோ பருமனோ அல்ல. கரும்பைப் பற்றிப் பேசும்போது இது மிகவும் தேவைப்படும்.

நீர் வெளியேறும் பக்கத்துக்கு இந்தத் தீவின் சமையலறைகளில் அச்சார் என்னும் காய்கறி ஊறுகாயைவிட நல்ல சான்று கிடையாது. முட்டைக்கோசையும் கேரட்டையும் பீன்ஸையும் நீள நீளமாக அரிந்து, உப்புப் பிசறி, சற்று நேரம் வைத்தால் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கிவிடுகிறது. காய்த்துண்டின் ஈரத்தில் கரைந்த உப்பு அதன் மேற்பரப்பில் ஏறக்குறைய முற்றிலும் செறிந்த உப்புநீராகிறது. அத்தகைய உப்புநீரின் நீரியல் திறன் −39 மெகாபாஸ்கலுக்கு அருகில் இருக்கும். முட்டைக்கோஸ் செல்லின் திறன் −1 ஐச் சுற்றியே இருக்கும். இவ்வளவு பெரிய சரிவில் நீர் செல்லுக்குள் தங்கி நிற்க வழியே இல்லை. முதலில் விறைப்பழுத்தம் இறங்கிச் சுழியமாகிறது. அதன் பிறகும் நீர் வெளியேறுவதால் சவ்வு சுருங்கிச் சுவரைவிட்டுப் பிரிந்து நடுவில் ஒடுங்குகிறது. பிளாஸ்மா சிதைவு என்று நூல்கள் சொல்வது இதைத்தான். அப்போது சுவருக்கும் சவ்வுக்கும் இடையே உண்டாகும் இடைவெளியில் என்ன இருக்கிறது என்று தேர்வில் கேட்டால் பலர் காற்று என்று எழுதுகிறார்கள். சுவர் உப்பையும் நீரையும் தடுக்காது ஆகையால் அங்கே நிறைந்திருப்பது வெளியே உள்ள அதே உப்புநீர்.

மிதமான கரைசலில் சற்று நேரமே இருந்த செல்லை மீண்டும் நீரில் இட்டால் சவ்வு விரிந்து பழைய இடத்துக்கு வந்துவிடும். அச்சாருக்கு இட்ட உப்போ அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. சவ்வுகள் கிழிந்து செல்கள் இறந்துவிடுகின்றன. அதனால்தான் உப்பு ஏறிய காயை எவ்வளவு அலசினாலும் பழைய விறைப்பு திரும்புவதில்லை. மஞ்சளும் கடுகும் வினிகரும் துண்டின் உள்ளே வரை இறங்குவதும் இதனால்தான்: தடுத்து நின்ற சவ்வு இப்போது இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள், உப்பிட்ட காயைப் பிழிந்து வெயிலில் உலர்த்திய பிறகே தாளிப்பார்கள். பிழியாமல் விட்ட நீர் பிறகு வினிகரை நீர்க்கச் செய்யும் என்பதால் அந்தக் கண்டிப்பு முற்றிலும் நியாயமானது.

வெயிலில் உலரும் செல் வேறு விதமாகச் சுருங்குகிறது. இதைப் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன. உப்பு இடாமல் வெறுமனே காயவைத்த முருங்கைக் கீரையில் சவ்வு சுவரைவிட்டுப் பிரிவதில்லை. சுவரும் சவ்வும் ஒட்டியபடியே சேர்ந்து உள்நோக்கி மடிகின்றன. காரணம், செல்சுவரின் துளைகள் சில நானோமீட்டர் அகலமே உடையவை, அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. 5 நானோமீட்டர் ஆரமுள்ள ஈரமான துளைக்குள் காற்று நுழைய வேண்டுமானால், நீரின் பரப்பு இழுவிசையை வெல்லக் கிட்டத்தட்ட 29 மெகாபாஸ்கல் அழுத்த வேறுபாடு வேண்டும். காற்றால் நுழைய முடியாததால் இடைவெளியும் உண்டாவதில்லை. இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோர அலையாத்தி மரத்தில் இதற்கு வேறொரு வேலை இருக்கிறது.

சவ்வு கொழுப்பால் ஆனது, கொழுப்போ நீருக்குப் பகை. இருந்தும் நீர் எப்படி இவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்ற ஐயம் நெடுங்காலம் இருந்துவந்தது. பீட்டர் ஏக்ரின் குழுவினர் சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதம் நீருக்கான கால்வாய்தான் என்பதை 1992-இல் மெய்ப்பித்தார்கள். அதற்காக அவர் 2003-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்வாபோரின் எனப்படும் அந்தப் புரதம் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி நீர் மூலக்கூறுகளை ஒற்றை வரிசையில் விடுகிறது. அடுத்த ஆண்டே தாவரத்திலும் அத்தகைய கால்வாய் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பதின்மூன்று வகை இருக்க, அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடிக்கு 35 வகை உண்டு. இடம்விட்டு நகர முடியாத உயிர் தன் நீர்க்கதவுகளை இத்தனை விதமாக வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இந்தக் கதவுகள் மூடவும் செய்யும். புயலுக்குப் பின் தோட்டத்தில் நீர் தேங்கி நிற்க, மிளகாய்ச் செடியும் தக்காளிச் செடியும் அந்த நீரிலேயே நின்றுகொண்டு வாடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளத்தில் மூழ்கிய வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. மூச்சுத் திணறும் வேர்ச்செல்லின் உள்நீர்மம் அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலம் அக்வாபோரின்களை மூடிவிடுகிறது. சுற்றிலும் நீர் இருந்தும் வேரால் அதைப் போதிய அளவு உள்ளே விட முடியாமல், வெயில் வந்ததும் இலை துவள்கிறது. வாடுகிறதே என்று அந்தச் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவது கேடுதான் செய்யும். சாலெடுத்து நீரை வடியவிடுவதே உதவி.

இப்போது கரும்புக்கு வருகிறேன். 1834 முதல் நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்குக் காரணமான பயிர் அது. அதன் தண்டு சவ்வூடு பரவலின் பார்வையில் மிகவும் விந்தையானது, அந்த விந்தையை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. உருளைக்கிழங்கு தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைக்கிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்துக் கரையாத மணிகளாக்கிவிடுவதால், துகள்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்து, அந்த மாவு நீரை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. கரும்போ தன் சேமிப்பைக் கரைந்த சுக்ரோஸாகவே வைத்திருக்கிறது. முற்றிய கணுவிடைச் செல்லின் வாக்குவோலில், அதாவது செல்லுக்குள் சாறு நிறைந்திருக்கும் பையில், லிட்டருக்கு 0.6 மோல் சுக்ரோஸ் இருந்தால், அது மட்டுமே திறனை −1.5 மெகாபாஸ்கலுக்கும் கீழே இறக்கிவிடும். சுற்றிலும் தூய நீர் இருந்தால் ஒவ்வொரு செல்லும் அதற்கு ஈடான பேரழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும், சர்க்கரை ஏற ஏற அழுத்தமும் ஏற வேண்டும்.

ஆனால் தண்டில் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு: தண்டு முற்ற முற்ற விறைப்பழுத்தம் குறைகிறது. காரணம், கரும்பு சுக்ரோஸைச் செல்லுக்குள் மட்டும் வைப்பதில்லை. செல்சுவர்களிலும் செல்களுக்கு இடையேயுள்ள நீரிலும் வைக்கிறது. உள்ளும் புறமும் இனிப்பாகிவிட்டால் சவ்வின் இரு பக்கத்து வேறுபாடு சிறிதாகிவிடும், நீர் உள்ளே பாயக் காரணமில்லை, சுவரும் பிழைக்கும். அப்படி வெளியே வைத்த சர்க்கரை நீரேறும் சைலக் குழாய்களில் கசிந்து வீணாகாதபடி, குழாய்க்கற்றைகளைச் சுற்றி லிக்னின், சூபெரின் என்னும் நீர் புகவிடாத பொருள்கள் ஏறிய ஓர் உறை தடுத்து நிற்கிறது. ஆலைக்குப் போகும் சாற்றில் செல்லுக்குள் இருந்த சர்க்கரையும் இருக்கிறது, வெளியே இருந்த சர்க்கரையும் இருக்கிறது.

இளம் கணுவிடையில் நிலைமை தலைகீழ். அங்கே செல் நீள வேண்டும். நீள்வதற்கு விறைப்பழுத்தம் வேண்டும். இன்வர்டேஸ் நொதி ஒரு சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸும் பிரக்டோஸுமாக இரண்டாக்குகிறது. எடை ஏறக்குறைய அதேதான், துகள்களோ இரட்டிப்பு; நீரின் இழுப்பும் இரட்டிப்பு. அந்த அழுத்தத்தில் இளகிய சுவர் விரிந்து தண்டு வளர்கிறது. ஜூன் ஜூலையில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் வெட்டுக் காலத்துக்குக் குளிர்ந்த, மழை குறைந்த மாதங்கள் உகந்தவையாக இருப்பதும், பாசனமுள்ள நிலங்களில் வெட்டுக்கு முன்பு நீரை நிறுத்துவதும் இதை ஒட்டியே. மண்ணின் நீர் சற்றே குறைந்ததும் முதலில் தடைபடுவது செல்லின் நீட்சி. இலை சர்க்கரை தயாரிப்பது அவ்வளவு விரைவில் குறைவதில்லை. வளர்ச்சியில் செலவாகாத சர்க்கரை தண்டில் தங்குகிறது. வெட்டுக்கு முன் பெருமழை பெய்துவிட்டால் தண்டு மறுபடி வளரத் தொடங்கி, சேர்த்ததைச் செலவழித்து, எடை கூடினாலும் சாற்றின் இனிப்பு இறங்கிவிடும். எடையைப் பார்த்து மகிழ்ந்த விவசாயிக்கு ஆலையில் ஏமாற்றம் காத்திருக்கும்.

தாவரத்தின் எந்தச் செல்லிலும் நீரைத் தள்ளும் எந்திரம் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இலைத்துளையின் காப்பு செல்கள் திறப்பதும் அப்படித்தான்: ஆற்றலைச் செலவிட்டுப் புரோட்டான்களை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கின்றன, நீர் தானாகப் பின்தொடர்கிறது. செடி கரைபொருளை இடம் மாற்றுகிறது, சுவரை இளக்குகிறது அல்லது இறுக்குகிறது, கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. சரிவை அமைப்பது மட்டுமே அதன் வேலை.

அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக முடியும் என்பதைப் பூத்ர் தோர் பக்கம் கடலோரத்தில் நிற்கும் அலையாத்திகளிடம் பார்க்கலாம். மொரீஷியஸில் இயற்கையாக உள்ள அலையாத்திகள் இரண்டு இனங்கள்: ரைசோஃபோரா முக்ரொனேட்டா, புருகியேரா ஜிம்னோரைசா. கடல்நீரின் நீரியல் திறன் ஏறக்குறைய −2.5 மெகாபாஸ்கல். மண்ணின் திறன் −1.5 ஆனாலே நம் தோட்டப் பயிர்கள் பல மீளாமல் வாடிவிடும் என்றால், இந்த மரங்கள் நிற்கும் இடம் எவ்வளவு வறண்டது என்று எண்ணிப் பாருங்கள். கால் நனைய நீரில் நின்றாலும் நீரியல் கணக்குப்படி அது வறட்சி. அந்த நீரை உள்ளே இழுக்க வேண்டுமானால் மரத்தின் சைலம் −2.5 ஐவிடக் கீழே இருந்தாக வேண்டும்.

பெர் ஸ்கோலாண்டரும் அவருடைய தோழர்களும் 1965-இல் இதை அளந்து காட்டினார்கள். இலையோடு வெட்டிய சிறு கிளையை அழுத்தக் கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே நைட்ரஜன் வாயுவை ஏற்றுவார்கள். வெட்டுமுனையில் சாறு எட்டிப்பார்க்கும் நொடியில் உள்ள அழுத்தமே சைலத்தில் இருந்த இழுவிசைக்கு ஈடு. அலையாத்திகளில் அது பல மெகாபாஸ்கல் என்று வந்தது. இவ்வளவு இழுவிசையைத் தொடங்கிவைப்பது இலையின் ஈரமான செல்சுவர்களில் இருந்து ஆவியாகும் நீர்தான். நான் முன்பு சொன்ன அந்த நானோமீட்டர்த் துளைகளில் நீரின் பரப்பு உள்வளைந்து நின்று, காற்றை நுழையவிடாமல், கீழேயுள்ள நீர்த்தொடர் முழுவதையும் இழுத்துப் பிடிக்கிறது. இழுபட்டு வரும் கடல்நீர் வேரின் அகத்தோல் என்னும் உள்ளடுக்கில் சவ்வுகளைக் கடந்தாக வேண்டும்; அங்குள்ள செல்சுவர்களில் நீர் புகாதபடி அமைந்த காஸ்பேரியன் பட்டை சுற்றுவழியை அடைத்துவிடுகிறது. உப்பில் ஏறக்குறைய 99 சதவீதம் அங்கேயே தடுக்கப்பட்டு வெளியே நின்றுவிடுகிறது. வேருக்கு இதற்கென நீரிறைக்கும் செலவு எதுவும் இல்லை. இலையைச் சுடும் வெயிலே அந்த வேலையைச் செய்கிறது.

அப்படியானால் அந்த இலை ஏன் துவள்வதில்லை? மாணவியின் கேள்விக்குப் போட்ட அதே கணக்கை இங்கேயும் போடலாம். சைலத்தின் திறன் −4 மெகாபாஸ்கல் என்றால், அதனோடு சமநிலையில் உள்ள இலைச்செல்லின் திறனும் −4 ஆகவே இருக்க வேண்டும். செல் விறைத்திருக்க +1 அழுத்தம் வேண்டுமானால் அதன் கரைபொருள்கள் −5 வரை இறக்கியாக வேண்டும். தடையை மீறி நுழைந்த சிறிதளவு உப்பை மரம் இதற்கே பயன்படுத்திக்கொள்கிறது: சோடியத்தையும் குளோரைடையும் வாக்குவோலுக்குள் அடைத்துவைத்து, நொதிகள் வேலை செய்யும் சைட்டோபிளாசத்தில் அவற்றுக்கு ஈடாகத் தீங்கு செய்யாத கரிமக் கரைபொருள்களைச் சேர்த்துக்கொள்கிறது. வாக்குவோலுக்கும் சைட்டோபிளாசத்துக்கும் நடுவேயுள்ள சவ்வு மிக மெல்லியது, சுவரின் துணை அதற்குக் கிடையாது. ஆகவே அதன் இரு பக்கத்துத் திறனும் எப்போதும் சமமாக இருந்தாக வேண்டும். கடல் ஏறி வரும் வேளையிலும், மழைநீர் வந்து கலந்து உப்பு தணியும் வேளையிலும், அந்தச் சமநிலையைச் செல் புதிதாக அமைத்துக்கொண்டே இருக்கிறது.